எதன் 85 சதவீதம்?

உறவினர் வீட்டுப் பேத்தியைச் சேர்ப்பதற்காக ஒரு மழலையர் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். சுவரில் விழுந்த படத்தில் ஒரு மூளை. அதன்மேல் கொட்டை எழுத்தில் ‘85%’. ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் இவ்வளவு முடிந்துவிடும், பிறகு என்ன செய்தாலும் மிச்சம் பதினைந்துக்குள்தான் என்று விளக்கினார் பேசிய அம்மையார். அடுத்த படத்தில் கட்டண விவரம். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “எதோட 85 சதவீதம் மேடம்?” என்றார். “மூளையோடதுதான் சார்” என்று பதில் வந்தது. சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் கேட்டதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அந்த எண்ணை அந்தப் பள்ளி இட்டுக்கட்டவில்லை. குழந்தையின் ஒட்டுமொத்த மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் 6 வயதுக்கு முன்பே நிகழ்கிறது என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை தன் முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறது. எதை அளந்து கிடைத்த கணக்கு என்பதை அங்கே சொல்லவில்லை. ‘ஐந்தில் வளையாதது’ என்ற பழமொழி நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், எண் தடையின்றி உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. எதிர்முனையில் இன்னோர் எண்ணும் புழக்கத்தில் இருக்கிறது: மூளை 25 வயதில்தான் முதிர்கிறது என்பது. முந்தையது பெற்றோரை அவசரப்படுத்துகிறது. பிந்தையதைக் காட்டிப் பதின்பருவத்தினருக்குச் சலுகை கேட்கிறார்கள். ஒரே உறுப்பைப் பற்றி இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன?

என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூளை வளர்ச்சியில் கறாரான கெடுக்கள் உண்டு. அவற்றில் மிகக் கறாரானவை பள்ளி வாசலுக்கு வெகு முன்பே, கருவிலேயே, வந்து போய்விடுகின்றன. மூன்று முதல் ஆறு வயது, ஒப்பிட்டுப் பார்த்தால், நெகிழ்வான காலம். நம் பதற்றம் தப்பான இடத்தில் செலவாகிறது.

1. தராசில் வைத்த மூளை

பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் இருக்கும். வளர்ந்தவருடையது 1,300 முதல் 1,400 கிராம். முதல் மூன்றாண்டுகளில் எடை ஏறும் வேகம் பிறகு எப்போதும் வருவதில்லை. டெகபன், சடோவ்ஸ்கி ஆகிய இருவர் 1978-இல் 4,736 பேரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைக் கொண்டு இதை விரிவாகக் காட்டினார்கள். ஆறு வயதில் மூளை முதிர்ந்த அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஆவணங்களில் உலவும் 80, 85, 90 எல்லாம் இந்த எடைக் கணக்கின் வாரிசுகள் என்றே கருதுகிறேன். வேறு அளவுகோல்களைப் பிடித்தால் கிடைக்கும் எண்கள் இவற்றுக்கு அருகில்கூட வருவதில்லை.

2022-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம். 1,01,457 பேரின் 1,23,984 எம்.ஆர்.ஐ. படங்களைத் திரட்டி, கருவுற்ற 115-ஆம் நாளிலிருந்து 100 வயதுவரை மூளையின் பருமன் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்தார்கள். குழந்தையின் எடை, உயரத்துக்கு அங்கன்வாடியில் வளைகோடு வரைவார்களே, அதைப்போல மூளைக்கு ஒன்று. நரம்பணுக்களின் உடல்கள் செறிந்திருக்கும் புறணியின் சாம்பல்நிறப் பொருள் 5.9 வயதில் உச்சத்தைத் தொடுகிறது. புறணிக்குக் கீழுள்ள பகுதிகள் 14.4 வயதில். தொலைவிலுள்ள பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருள் 28.7 வயதில். புறணியை அளவுகோலாகக் கொண்டால் ஆறு வயதில் 85 என்பானேன், 100 என்றே சொல்லலாம். வெண்பொருளைக் கொண்டால் பாதை நெடுந்தூரம் இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல். உச்சத்தைத் தொட்ட சாம்பல்நிறப் பொருள் அதன்பின் மெல்லக் குறைகிறது. ஆறு வயதுப் பிள்ளையைவிடப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது குறைவு. அப்படியானால் பதினாறு வயதில் வளர்ச்சி எத்தனை சதவீதம்? குறைவதும் வளர்ச்சியாக இருக்கும் இடத்தில் சதவீதக் கணக்கு முறிந்துபோகிறது. இந்த வளைகோட்டுக்கும் ஒரு குறை உண்டு: படங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

2. நாள் தள்ளிப்போவதற்குள்

கருவுற்ற மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகுப்புறம் ஒரு தட்டு தடிக்கிறது. அதன் ஓரங்கள் இரண்டும் எழும்பி, வெற்றிலையைச் சுருட்டுவதுபோல உள்நோக்கிச் சுருண்டு, நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் நரம்புக்குழல். பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது இதுவே. ஒட்டுதல் நடுவில் தொடங்கி இரு முனைகளுக்கும் போகிறது. தலைப்பக்கம் சுமார் 25-ஆம் நாளிலும் வால்பக்கம் சுமார் 28-ஆம் நாளிலும் மூடுகிறது. வால்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு. தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை.

மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் 28-ஆம் நாள் என்பது ஆறாம் வாரம். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். பல பெண்கள் சந்தேகப்பட்டுப் பரிசோதனை அட்டை வாங்கும் நேரம் அதுதான். கர்ப்பம் உறுதியாகும்போது இந்தக் கதவு மூடியாகிவிடுகிறது. 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனை, ஏற்கெனவே இக்குறையோடு குழந்தை பெற்ற பெண்களுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் மீண்டும் அது நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. மூளை வளர்ச்சியில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு திட்டவட்டமாக நிரூபணமான வேறு தலையீடு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யச் சொல்லும் நம் பிரசவ நலத் திட்டம் நல்லதுதான். ஆனால் நரம்புக்குழலைப் பொறுத்தவரை அந்தக் கெடு தாமதம்.

கருவின் காலக்கெடுவுக்கு இன்னொரு சான்று, யாரும் விரும்பித் தேடியிருக்க முடியாதது. 1945 ஆகஸ்ட் 6, 9 ஆகிய இரு நாட்களில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கதிர்வீச்சு பட்ட நாள் திட்டமாகத் தெரியும். பிறந்த நாளைக் கொண்டு அப்போது கரு எத்தனை வாரம் என்று கணக்கிட முடியும். சுமார் 1,600 பிள்ளைகளில் 30 பேருக்குக் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. ஓட்டாகே, ஷல் இருவரும் 1984-இல் எழுதிய கட்டுரையின்படி அபாயம் மிகுந்திருந்தது கருவுற்ற 8 முதல் 15 வாரத்தில். 16 முதல் 25 வாரத்தில் குறைவு. எட்டு வாரத்துக்கு முன்போ 25 வாரத்துக்குப் பின்போ கதிர்வீச்சால் இப்படி நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரே குண்டு, ஒரே ஊர், சில வார வித்தியாசம்.

அந்த வாரங்களில் அப்படி என்ன நடக்கிறது? இதைக் கண்ணால் பார்க்க இப்போது சென்னையிலேயே வழியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் சிசு மூளையின் முப்பரிமாணப் பதிவுகளை வெளியிட்டது. கர்ப்பத்தின் 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து மூளைகள். முடியைவிட மெல்லியதாகச் சீவிய 5,132 சீவல்கள். யாரும் இணையத்தில் திறந்து, அணு அணுவாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இரவு உணவுக்குப் பின் ஒருமுறை உட்கார்ந்து, மணி பன்னிரண்டாவது தெரியாமல் பார்த்திருக்கிறேன். பதினான்கு வாரத்து மூளை உரித்த முட்டைபோல வழவழப்பாக இருக்கிறது. நமக்குப் பழகிய மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் விழும். உட்குழிவின் ஓரத்தில் கருநீலமாகச் செறிந்த பட்டை ஒன்று தெரிகிறது. நரம்பணுக்கள் பிறக்கும் களம் அது. அங்கிருந்து மேற்பரப்பு நோக்கி நீண்ட இழைகள் போகின்றன. பாஸ்கோ ராக்கிக் 1970-களில் குரங்குக் கருவில் விளக்கியதுபோல, புதிய அணுக்கள் இவற்றைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றன, பாகற்கொடி பந்தல் கயிற்றில் ஏறுவதுபோல. பின்னால் பிறந்தவை முன்னால் பிறந்தவற்றைத் தாண்டிப்போய் மேலடுக்கில் உட்காருகின்றன. வளர்ந்தவரின் மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் புறணிக்குரியவை பெரும்பாலும் இந்தக் காலத்தில் பிறந்து இடம்பிடித்தவை. அந்தப் பயணம் குலைந்தால் பிற்பாடு சரிசெய்ய முடிவதில்லை.

வயிற்றுப் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் வகுப்புகளும் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. அபிமன்யுவைத் துணைக்கு அழைப்பார்கள். சிசுவுக்குச் சுமார் 24, 25 வாரத்திலிருந்து காது கேட்கத் தொடங்குவது உண்மை. பிறந்த குழந்தை பிறருடைய குரலைவிடத் தாயின் குரலை விரும்பிக் கேட்கிறது என்று டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-இல் காட்டினார்கள். ஆனால் அங்கே பதிவது குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும். சக்கரவியூகத்தின் வரைபடம் பதிவதாக எந்தச் சான்றும் இல்லை.

3. ஹட்டன்லாக்கர் எண்ணியது

முதல் மூன்று வயது பற்றிய பதற்றத்துக்கு அறிவியல் மதிப்பைத் தந்தது ஒரு பொறுமையான மனிதரின் வேலை. சிகாகோவைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர், இறந்தவர்களின் முன்மடலிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் எனும் இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 1979-இல் வந்த அவரது கட்டுரையில் மொத்தம் 21 மூளைகள்; பச்சிளம் குழந்தை முதல் 90 வயதுவரை. ஒன்று முதல் இரண்டு வயதில் இணைப்புகளின் அடர்த்தி, வளர்ந்தவர்களின் சராசரியைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிறகு 16 வயதுவரை குறைந்துகொண்டே வந்தது. பின்னாளில் அவர் மற்ற பகுதிகளையும் எண்ணிப் பார்த்தபோது, கேட்டலுக்கான புறணியில் உச்சம் மூன்று மாத அளவிலும் முன்மடலில் 15 மாதத்தைத் தாண்டியும் வருவதாகத் தெரிந்தது. குரங்குகளில் எல்லாப் பகுதிகளிலும் உச்சம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது என்றது ராக்கிக் குழு. அந்தப் பிணக்கு முழுதாகத் தீரவில்லை. சில பத்து மூளைகளை வைத்துக்கொண்டு தீர்க்கவும் முடியாது.

இணைப்புகள் குறைவதற்கு ஆங்கிலத்தில் தோட்ட வேலையிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள். தமிழில் ‘கவாத்து’ என்று எழுதிப் பார்க்கிறேன், பொருத்தம் பாதிதான். முருங்கையைக் கவாத்து செய்பவர் மேலும் துளிர்க்கட்டும் என்று வெட்டுகிறார். எந்தக் கிளையில் கைவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மூளையில் அரிவாள் பிடித்த ஆள் யாரும் இல்லை. பயன்படும் இணைப்பு வலுவாகிறது, பயன்படாதது தளர்ந்து உதிர்கிறது. உதிர்வது இழப்பு என்று எண்ணுபவர்கள்தான் “இணைப்புகள் போவதற்குள் நிரப்பு” என்று பரபரக்கிறார்கள். ஹட்டன்லாக்கரின் எண்கள் அப்படிச் சொல்லவில்லை. இணைப்புகள் மிகுந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தையைவிட, அவை குறைந்துவிட்ட இருபது வயதுக்காரருக்குத்தான் சிந்தனைத் திறன் அதிகம். மேலும், பெட்டான்யெக்கும் சக ஆய்வாளர்களும் 2011-இல் முன்மடலின் அணுக்களைப் பார்த்தபோது, குறைவது பதினாறில் நிற்காமல் மூன்றாம் பத்தாண்டுவரை நீள்வதைக் கண்டார்கள்.

இதற்கிடையில் அமெரிக்காவில் பதற்றம் சந்தைக்கு வந்துவிட்டது. 1993-இல் 36 கல்லூரி மாணவர்கள் மொஸார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் ஒரு வகை வடிவப் புதிரைச் சற்று நன்றாகத் தீர்த்தார்கள்; கால் மணி நேரத்தில் அந்த நன்மை போய்விட்டது. ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை. 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். அடுத்த ஆண்டே ஜான் புரூயர் இந்த நம்பிக்கைகளைப் பிரித்துப் போட்டு ஒரு நூல் எழுதினார். நூல் வந்தபின்னும் இசைத்தட்டுகள் விற்றன.

4. கண்புரையும் அனாதை இல்லமும்

“அந்த வயதைத் தாண்டினால் வராது” என்ற வாதத்தின் வலுவான அடித்தளம் பூனைக்குட்டிகள். ஹூபெல், வீஸல் இருவரும் 1960-களில், பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மூடித் தைத்து வளர்த்த குட்டிகள், பிறகு அதைத் திறந்துவிட்டாலும் அக்கண்ணால் பார்ப்பதில்லை என்று காட்டினார்கள். 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரையை மாதக் கணக்கு பார்த்து அறுவை செய்வதற்கு இந்த அறிவு உதவியது. அதை மறுப்பார் இல்லை.

ஆனால் மனிதக் குழந்தைகள் இந்தச் சித்திரத்தைச் சற்றுக் கலைத்தார்கள், அதுவும் இந்தியாவில். பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம், பிறவிக் கண்புரையோடு வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு அறுவை செய்து, பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று கவனிக்கிறது. சின்ஹாவின் குழு ஆராய்ந்த ஒரு பெண்ணுக்கு 12 வயதில் கண்புரை நீக்கப்பட்டது. இருபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, பார்வைக் கூர்மை குறைவாக இருந்தாலும் பொருள்களையும் முகங்களையும் அவர் இனங்கண்டார். எட்டு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட ஐவரிடம், அறுவை முடிந்த கையோடு, ஒரு கட்டையைக் கையால் தடவவிட்டு, பின் இரண்டைக் காட்டி, தடவியது எது என்று கேட்டார்கள். ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் பதில் வந்தது. கை அறிந்ததைக் கண் அறியவில்லை. சில நாட்களில் அது வந்துவிட்டது. கூர்மைக்கு ஒரு கெடு இருந்தது, அது போய்விட்டது. உருவத்தை அறிவதற்கு அதே கெடு இல்லை. ‘பார்வை’ என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள்ளேயே பல கடிகாரங்கள்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று புக்கரெஸ்ட்டிலிருந்து வருகிறது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1966-இல் ருமேனியாவை ஆண்ட செளசெஸ்கு கருக்கலைப்பைத் தடைசெய்ததைத் தொடர்ந்து, அந்நாட்டின் அரசு இல்லங்கள் கைவிடப்பட்ட பிள்ளைகளால் நிரம்பின. 2000-க்குப் பின் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா மூவரும் 6 முதல் 31 மாத வயதுள்ள 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டார்கள். குடும்பங்களுக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். எட்டு வயதில் அவர்களின் மூளை மின்னலைகள், இல்லத்தையே காணாத பிள்ளைகளின் அலைகளை ஒத்திருந்தன. முதல் ஆண்டுகள் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒன்று வேண்டியதில்லை. அங்கே இல்லாமல்போனது எது என்பதையும் கவனிக்க வேண்டும்: தூக்கவும் பேசவும் ஒரே ஆள் தினமும் இல்லை. படம் போட்ட அட்டைகள் இல்லாததால் வந்த வினையல்ல அது.

வில்லியம் கிரீனோ 1980-களில் வகுத்த பாகுபாடு இங்கே உதவுகிறது. ஒளி, பேச்சு, அரவணைப்பு ஆகியவை வரும் என்று மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. வராவிட்டால் பாதிப்பு, வரவேண்டிய காலத்துக்கு எல்லை உண்டு. எழுத்து, கணக்கு, சதுரங்கம் போன்றவற்றை அது எதிர்பார்ப்பதில்லை, கிடைக்கும்போது கற்றுக்கொள்கிறது. லக்னோ அருகே எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து மூளையைப் படமெடுத்த ஆய்வு 2017-இல் வந்தது. பார்வைப் புறணிக்கும் ஆழத்திலுள்ள பகுதிகளுக்கும் இடையிலான ஒத்திசைவு கூடியிருந்தது. முப்பது பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி வகுப்புகளுக்குப் போய், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு திரும்பிய பெண்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. மழலையர் பள்ளிகள் விற்பது இரண்டாம் வகைச் சரக்கை. பயமுறுத்துவது முதல் வகைக் கெடுவைக் காட்டி.

5. இன்னோர் எண்: 25

பதின்பருவத்து மூளையை முதிராத மூளை என்று காட்டும் புகழ்பெற்ற வண்ணப்படம் பல பாடநூல்களில் இருக்கிறது. சாம்பல்நிறப் பொருள் பின்னாலிருந்து முன்னோக்கி மெலிந்துவருவதையும், முன்மடல் கடைசியில் வருவதையும் அது காட்டும். கோக்தேயும் மற்றவர்களும் 2004-இல் வெளியிட்டது. அதற்கு அடிப்படை 13 பிள்ளைகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று பத்தாண்டுவரை தொடர்ந்து எடுத்த படங்கள். கண்டுபிடிப்பு பின்னர் பெரிய ஆய்வுகளிலும் பெரும்பாலும் நின்றது. ஆனால் 25 என்ற எல்லைக்கோட்டை எந்த ஆய்வும் கண்டு சொல்லவில்லை. 2025-இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று மூளை இணைப்புகளின் அமைப்பில் திருப்பங்கள் 9, 32, 66, 83 வயதுகளில் வருவதாக எழுதியதும், “பதின்பருவம் 32 வரை” என்று செய்தித்தாள்கள் போட்டன. எதை அளந்தார்கள் என்ற கேள்வி இங்கேயும் காணாமற்போனது.

நீதிமன்றத்தில் இந்த எண்களுக்கு எடை அதிகம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மரண தண்டனையை நீக்கியபோது, மூளை ஆய்வுகளும் மனுக்களில் வைக்கப்பட்டிருந்தன. இந்தியாவில் 2015-இன் சிறார் நீதிச் சட்டம் எதிர்த்திசையில் போனது: கொடிய குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதினரை, அவர்களின் மன முதிர்ச்சியை முன்மதிப்பீடு செய்து, பெரியவர்போல விசாரிக்கலாம். தனியொரு பையனின் முதிர்ச்சியை ஸ்கேன் எடுத்துச் சொல்ல எந்த நரம்பியலாளராலும் முடியாது. வளைகோடுகள் கூட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும். இதைவிட எனக்கு உறுத்தலானது வேறொன்று. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். 13 முதல் 16 வயதினர் நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது, தனியே ஆடியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களுக்கு நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முன்மதிப்பீட்டுக்கு அந்தப் பையனைத் தனியே, அமைதியான அறையில், உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறோம். அவன் பெரியவரைப்போலவே தோன்றும் ஒரே சூழ்நிலை அதுதான்.

பதின்பருவ மூளை பற்றிய பேச்சு பெரும்பாலும் பையன்களின் பைக்கிலும் குற்றத்திலும் நின்றுவிடுகிறது. அதே வயதுப் பெண்களின் உடலில் அடுத்த மூளைக்கான ஏற்பாடு நடக்க வேண்டியிருக்கிறது. நரம்புக்குழல் மூடும் நாளில் தாயின் ரத்தத்தில் ஃபோலிக் அமிலம் போதிய அளவு இருக்க வேண்டுமென்றால், அது கர்ப்பத்துக்கு முன்பே அங்கே சேர்ந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். பள்ளிக்கு வராத பெண்களுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். ரத்தசோகையைக் குறைப்பதற்கான மாத்திரை அது. இரும்புச்சத்தோடு அதில் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, 500 மைக்ரோகிராம். மாதவிடாய் வரும் வயதுப் பெண்களுக்கான வாராந்தர மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 2,800.